நத்தையைப் பழிக்குமுன்



நத்தை என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் வசைச் சொல்லாகவே வழங்கி வருகிறோம். பலகையில் உள்ளதை எழுதி முடிக்கத் தாமதிக்கும் பிள்ளையை நத்தை என்கிறோம். காலையில் பள்ளிக்குப் புறப்படச் சுணங்கும் பிள்ளையையும் நத்தை என்கிறோம். ஆனால், அவ்வாறு பழிக்கும் நம்மில் எத்தனை பேர் ஒரு நத்தையை அரைமணி நேரமேனும் உற்று நோக்கியிருக்கிறோம்? நோக்காமலே ஓர் உயிரைப் பற்றித் தீர்ப்பு வழங்குவது முறையாகுமா? இவ்வினாவை இவ்வாண்டு மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நம் பிள்ளைகள் பலர் இல்லத்தில் மீன் தொட்டி வைத்திருக்கின்றனர். அத்தொட்டியில் மீனுக்குத் துணையாக ஒன்றிரண்டு நத்தைகளும் இருக்கும். சில, கடையிலிருந்து விரும்பி வாங்கப்பட்டவை. சில, நீர்ச்செடியோடு ஒட்டிக்கொண்டு அழையா விருந்தாளியாய் வந்தவை. எவ்வாறு வந்தாலும், மீனுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட நத்தைக்குக் கிடைப்பதில்லை. அதன் விளைவாக இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. அறியாமையால் உயிரோடிருக்கும் நத்தையைச் செத்ததென்று எறிந்துவிடுகிறோம். அது முதல் தவறு. அறியாமையால் வேண்டாத நத்தையைக் கால்வாயிலும் ஆற்றிலும் விட்டுவிடுகிறோம். அது இரண்டாவது தவறு. முதலாவதால் ஓர் உயிர் போகிறது. இரண்டாவதால் ஒரு வயலே போகக்கூடும்.

இவ்விரு தவறுகளையும் ஒரே நாளில், ஒரே செயலில் செய்யவிருந்தவர்கள் நாங்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வகுப்பறைத் தொட்டியில் பொன்னிற ஆப்பிள் நத்தை ஒன்று இருந்தது. ஒருநாள் அது மூடியை இறுக மூடிக்கொண்டு நீர்மேல் மிதந்தது. மறுநாளும் அவ்வாறே மிதந்தது. அது இறந்துவிட்டதென முடிவு செய்த நாங்கள், அதை எடுத்துக் கால்வாயில் போட்டுவருமாறு நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனைப் பணித்தோம். அவன் எழுதுவதில் மிகத் தாமதமானவன். எங்களாலேயே பலமுறை நத்தை என்று அழைக்கப்பட்டவன். அவன் அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது நாறவில்லை. செத்த நத்தை நாறும். மூடியும் இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்றான். எங்கள் அனுமதியோடு வேறொரு கிண்ணத்தில் புதுநீர் நிரப்பி அதில் அதை இட்டான். மறுநாள் காலையில் அந்நத்தை கிண்ணத்தின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது.

அன்று நாங்கள் தலைகுனிந்தோம். ஆசிரியர் கண்டறியாததை மாணவன் கண்டறிந்தான். அவன் தாமதமானவன் என்பதனாலேயே நின்று பார்த்தான் என்று எங்களுக்குத் தோன்றியது. அந்த நாளே இக்கட்டுரைக்கு வித்து.

நத்தை பேசும் மொழி

வாயில்லா உயிர் தன் நிலையைத் தன் நடத்தையால்தான் தெரிவிக்கும். நத்தையின் நடத்தையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஊமையன்று.

ஆப்பிள் நத்தை அடிக்கடி நீரின் மேற்பரப்பை நோக்கி ஏறுவதை நம் பிள்ளைகள் கண்டிருப்பர். தப்பித்துச் செல்ல முயல்வதாக எண்ணி அதைத் தட்டிக் கீழே தள்ளிவிடும் சிறுவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அது பெருந்தவறு. அந்நத்தைக்கு மீனுக்கிருப்பதுபோல் செவுளும் உண்டு. நம்மைப்போல் காற்றை இழுக்கும் நுரையீரலும் உண்டு. மேற்பரப்பை அடைந்ததும் கழுத்தின் இடப்பக்கத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி, உடலை முன்னும் பின்னும் அசைத்துக் காற்றை உள்ளிழுக்கும். இதனைக் காணும்போது, குழாயடியில் நின்று தண்ணீர் இறைப்பவரின் நினைவு வரும். நீரில் உயிர்வளி குறையும்போது அது மேலும் அடிக்கடி ஏறும். ஆகவே ஏறுவது வழக்கத்தைவிட மிகுந்துவிட்டால், குற்றம் நத்தையிடத்தில் இல்லை, நீரிடத்தில் இருக்கிறது.

நத்தை நீரைவிட்டே வெளியேறி ஓரத்தில் ஒட்டிக்கொண்டால், இரண்டு காரணங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று, நீர் கெட்டிருக்கலாம். உணவு அழுகி நஞ்சு பெருகியிருக்கலாம். மற்றொன்று, அது முட்டையிட வந்த தாயாக இருக்கலாம். ஆப்பிள் நத்தைகளில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் நத்தை பெரும்பாலும் இரவு வேளையில் நீர்மட்டத்திற்கு மேல் ஏறி, முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கும். அதனால் இந்நத்தையை வளர்ப்போர் தொட்டியை விளிம்புவரை நிரப்பலாகாது. சில விரற்கடை இடம் விட்டு, மேலே மூடியும் இட வேண்டும்.

நத்தை மிதந்தால் அது இறந்ததென்பது பொருளன்று. நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது மிதப்பதுண்டு. அசையாமல் கிடந்தாலும் அவ்வாறே. அது ஓய்ந்திருக்கலாம், அன்றி நீர் பிடிக்காமல் கதவடைத்துக்கொண்டிருக்கலாம். இறந்த நத்தையின் மூடி தளர்ந்து தொங்கும். விரைவில் பொறுக்கவொண்ணா நாற்றம் எழும். இந்த இரண்டும் இல்லையெனில் பொறுத்திருப்பதே அறிவுடைமை.

சில வேளைகளில், கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த ஆப்பிள் நத்தை திடீரெனப் பிடியை விட்டுக் கல்போல் கீழே விழும். அதற்கும் காரணம் உண்டு. தன் இனத்தான் ஒன்று நசுங்கி, அதன் சாறு நீரில் கலந்தால், அதனை உணர்ந்து அஞ்சி இவ்வாறு விழுந்து மறையும் இயல்பு அதற்கு இருப்பதை அறிவியலார் கண்டுள்ளனர். தோழனின் துன்பத்தைத் தனக்கு எச்சரிக்கையாகக் கொள்ளும் உயிரை மந்தம் என்று நாம் எவ்வாறு கூறுவது?

வகைக்கொரு குணம்

நத்தைகள் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவதும் தவறு. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு குணம் உண்டு.

மணலுக்குள் பகலெல்லாம் புதைந்திருந்து இரவில் வெளிவரும் கூம்பு வடிவ நத்தை ஒன்று உண்டு. மீன் வளர்ப்போர் அதற்கு மலாயா ஊதுகொம்பு நத்தை என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். நம் நாட்டின் பெயரைத் தாங்கி உலகெங்கும் உள்ள தொட்டிகளில் வாழ்வது அது. ஆயினும், 1774ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் முல்லர் அதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, அது கிடைத்த இடமாகக் குறித்தது சோழமண்டலக் கரையையாகும். நம் முன்னோர் கப்பலேறி வந்ததும் அக்கரையிலிருந்தன்றோ! இந்நத்தை முட்டையிடுவதில்லை, குட்டி நத்தைகளையே ஈனும். ஆணின் துணையின்றியே பெண் நத்தை இனம் பெருக்கும். மணலைக் கிளறிக்கொண்டே செல்வதால் அடிமணல் இறுகாமல் காக்கும். அது பகலிலேயே கூட்டமாக வெளிவந்து கண்ணாடியில் ஏறுமானால், நீரில் உயிர்வளி குன்றிவிட்டதோ என ஐயுற வேண்டும். விலை கொடுத்து வாங்கும் கருவி சொல்வதை அது விலையின்றிச் சொல்லிவிடுகிறது.

ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட செந்நிற நத்தையைச் சிலர் வைத்திருக்கின்றனர். பெரும்பாலான நத்தைகளின் குருதியில் செம்புச் சத்துக் கலந்த நீலநிறப் பொருள் உயிர்வளியைச் சுமக்கிறது. இந்த நத்தையிடத்திலோ நம் குருதியில் இருப்பதுபோன்ற இரும்புச் சத்துள்ள செந்நிறப் பொருளே அப்பணியைச் செய்கிறது.

செடியோடு வந்து சேரும் சிறிய குமிழி நத்தையைப் பிள்ளைகள் எளிதில் அடையாளங் காணலாம். ஓட்டின் கூர்முனையை மேலாகவும், வாயை நம்மை நோக்கியும் பிடித்துப் பாருங்கள். ஆப்பிள் நத்தைக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். குமிழி நத்தைக்கு இடப்பக்கம் இருக்கும்.

நெரைட் என்னும் நத்தை கண்ணாடிப் பாசியைத் தின்பதில் வல்லது. அது எள்போன்ற வெண்முட்டைகளை எங்கும் ஒட்டிவைக்கும். ஆனால் அவை நன்னீரில் வளர்ந்து பெருகுவதில்லை; அதன் இளங்குஞ்சுகளுக்கு உப்புக் கலந்த நீர் வேண்டும். கறுப்பும் மஞ்சளும் வரிவரியாய் அமைந்த கொலைகார நத்தையோ நம் வட்டாரத்து ஆறுகளில் பிறந்தது. மணலில் பதுங்கி, மூக்குக் குழாயை மட்டும் உயர்த்தி மோப்பம் பிடித்து, பிற நத்தைகளை வேட்டையாடி உண்ணும். பாசி தின்னியும் வேடனும் ஒரே குலத்தில் பிறந்திருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே உணவை இட்டு ஒரே தொட்டியில் விடுவது எவ்வளவு பேதைமை!

பெருகுவது யார் குற்றம்?

"நத்தைகள் பெருகிவிட்டன; தொட்டியே பாழாகிவிட்டது" என்று பெற்றோர் பலர் குறை கூறுகின்றனர். இது பற்றி நம் கருத்தை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறோம். நத்தை பெருகுவது நத்தையின் குற்றமன்று. உணவிடும் கையின் குற்றம். மீன் தின்று எஞ்சிய உணவு அடியில் தேங்குகிறது. அழுகிய இலைகள் கிடக்கின்றன. உணவு மிகுந்த இடத்தில் உண்போர் மிகுவது இயற்கை. மீன்கள் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இட்டால், நத்தைகளின் தொகையும் தானே அடங்கும். அதை விடுத்து மருந்தூற்றிக் கொல்ல முற்படுவோர், இறந்த நத்தைகள் அழுகி மீன்களும் மடிவதைக் கண்டு பின்னர் வருந்துகின்றனர்.

மருந்தைப் பற்றி மேலும் ஒன்று கூற வேண்டும். மீனின் நோய்க்கென விற்கப்படும் மருந்துகள் சிலவற்றில் செம்புச் சத்து உண்டு. மீனுக்கு மருந்தாவது நத்தைக்கு நஞ்சாகும். மருந்திடுமுன் நத்தையை வேறு கலத்திற்கு மாற்றிவிடுதல் வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரினைப் போக்கும் சொட்டு மருந்தையும் கடையில் கேட்டு வாங்கிக் கலத்தல் நன்று.

நத்தையின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. நீர் புளிப்புத் தன்மை மிகுந்து சுண்ணாம்பு குறைந்திருந்தால் ஓடு அரித்து வெண்மையாகிப் பொரிந்துவிடும். நன்கு கழுவி உலர்த்திப் பொடித்த முட்டையோடு சிறிதளவு இட்டால் அக்குறை தணியும். கொதிநீரில் வாட்டிய கீரையோ வெள்ளரிக்காய்த் துண்டோ உணவாகப் போதும். எஞ்சியதை மறுநாள் எடுத்துவிட வேண்டும். இதற்கெல்லாம் பெருஞ்செலவு உண்டா? இல்லை. வேண்டுவது கவனம் ஒன்றே.

கால்வாயில் விடலாமா?

இனி இரண்டாவது தவற்றுக்கு வருவோம். இதுவே நம்மை மிகவும் கவலைக்குள்ளாக்குவது.

பள்ளி விடுமுறை வந்ததும், "நத்தையைக் கொல்ல மனம் வரவில்லை, ஆற்றில் விட்டால் பிழைத்துப்போகட்டும்" என்று நினைக்கும் பிள்ளையின் நெஞ்சம் இரக்கமுடையதுதான். ஆயினும் அறிவோடு சேராத இரக்கம் தீங்காய் முடியும்.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பொன் ஆப்பிள் நத்தை, உணவுக்காக வளர்க்கலாம் என்னும் எண்ணத்தில் 1980ஆம் ஆண்டையொட்டி ஆசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எதிர்பார்த்தபடி மக்கள் அதனை விரும்பி உண்ணவில்லை. கைவிடப்பட்ட நத்தைகள் நீர்நிலைகளில் பெருகி நெல்வயல்களுக்குள் புகுந்தன. நம் மலேசியாவில் 1991ஆம் ஆண்டில் சிலாங்கூரிலுள்ள பூச்சோங்கில் அது முதன்முதலில் காணப்பட்டது. மறு ஆண்டு சபா மாநிலத்திலும் காணப்பட்டது. இன்று நெல் விளையும் பகுதிகளில் 'சிப்புட் கொண்டாங் எமாஸ்' என்றால் உழவர் முகம் சுளிக்கின்றனர். நட்ட இளநாற்றின் தண்டையே அது அறுத்துத் தின்றுவிடும். வயல் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, மூடியை அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் வந்ததும் எழுந்துவிடும். உழவர்கள் கையால் பொறுக்கியும், வாத்துகளை மேயவிட்டும், நீரை வடித்தும் போராடுகின்றனர். உலகின் மிகக் கேடான அயல் உயிரினங்கள் நூற்றின் பட்டியலில் அதன் பெயரும் இடம்பெற்றுள்ளது.

கடையில் கிடைக்கும் ஆப்பிள் நத்தைகளில் செடியை அவ்வளவாகத் தீண்டாத சாதுவான வகையும் உண்டு. வயலை அழிக்கும் வகையும் உண்டு. ஓட்டைப் பார்த்து வேறுபாடறிவது எளிதன்று. முட்டைக் கொத்து பளிச்சென்ற இளஞ்சிவப்பாயிருந்தால் அது வயலை அழிக்கும் வகை என்று கொண்டு மிக எச்சரிக்கையாயிருக்க வேண்டும். நம் பள்ளிக் கால்வாய் ஓடையில் சேர்கிறது. ஓடை ஆற்றில் சேர்கிறது. ஆற்று நீர் எங்கோ ஒரு வயலுக்குப் பாய்கிறது. நம் பிள்ளை கால்வாயில் விட்ட நத்தை, யாரோ ஓர் உழவரின் பிள்ளைக்குரிய சோற்றைத் தின்னும்.

ஆதலின், வேண்டாத நத்தையை வேறொரு வளர்ப்பாளரிடமோ கடைக்காரரிடமோ ஒப்படையுங்கள். பெருகுவதை விரும்பாவிடில் முட்டைக் கொத்தைப் பொரிக்குமுன் சுரண்டி எடுத்து, பையிலிட்டுக் கட்டி, குளிர்ப்பெட்டியில் உறையவைத்துப் பின் குப்பையில் சேருங்கள். இது கொடுமையன்று, பொறுப்பு.

ஒரு நத்தையை ஒழிக்க மற்றொரு நத்தையை அவிழ்த்துவிடும் எண்ணமும் ஆபத்தானது. நம் தோட்டங்களில் காய்கறிப் பாத்திகளை அழிக்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தையை அறியாதவர் எவர்? அது ஆப்பிரிக்காவிலிருந்து இந்துமாக்கடல் தீவுகளை அடைந்து, 1847ஆம் ஆண்டில் பென்சன் என்பவரால் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் ஆசியாவெங்கும் பரவியது. அதனை ஒழிப்பதற்கென 1955ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளிலும், 1970களில் தஹித்தி, மூரியா தீவுகளிலும் அமெரிக்க வேட்டை நத்தை ஒன்றை இறக்குமதி செய்தனர். அதுவோ பெரிய நத்தையை விடுத்து, அத்தீவுகளுக்கே உரிய சின்னஞ்சிறு மர நத்தைகளைத் தேடித் தின்றது. உலகில் வேறெங்கும் இல்லாத பல வகைகள் அழிந்தொழிந்தன. நடத்தையை அறியாமல் எடுத்த முடிவின் விளைவு அது.

சில மறுப்புகள்

"பாடம் படிக்கும் நேரத்தில் நத்தையைப் பார்ப்பதா?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின்னரும், புள்ளிகளைக் கொண்டே பிள்ளையை அளக்கும் பழக்கம் நம்மைவிட்டு நீங்கவில்லை. அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி இதுதான்: நத்தையைப் பார்ப்பதே ஒரு பாடம். ஒரு மென்மையான தூரிகையால் நத்தையின் உணர்கொம்பை மெல்லத் தொடுங்கள். அது உள்ளிழுத்துக்கொள்ளும். மீண்டும் நீட்டுவதற்கு எத்தனை வினாடி ஆகிறதென எழுதுங்கள். அது நீட்டியதும் மீண்டும் தொடுங்கள். இவ்வாறு பத்து முறை செய்தால், "இத்தொடுதலால் தீங்கில்லை" என்று அது கற்றுக்கொண்டு, வரவரக் குறைவாக உள்ளிழுப்பதைக் காணலாம். நத்தையின் உறவினமாகிய கடல் முயல் என்னும் உயிரிடத்தில் இத்தகைய எளிய கற்றலை ஆராய்ந்தே, நினைவு நரம்பணுக்களின் இணைப்பில் எவ்வாறு பதிகிறது என்பதை எரிக் காண்டல் விளக்கினார். அப்பணிக்காக 2000ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆப்பிள் நத்தையின் கண் அற்றுப்போனால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முழுக்கண்ணும் மீண்டும் வளர்வதை விளக்கிய ஆய்வு 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனிதக் கண்ணோய்க்கு வழி தேடுவோரும் நத்தையை நாடுகின்றனர். நாமோ அதை வசைச் சொல்லாக வைத்திருக்கிறோம்!

நம் முன்னோர் நத்தையைப் பொருட்படுத்தாமல் விட்டவரல்லர். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் அறிவு கொண்டு வகைப்படுத்தும்போது, நத்தையை நந்து என்னும் பெயரால் குறித்து, தொடுவுணர்வும் சுவையுணர்வும் உடைய ஈரறிவுயிராக வைக்கிறது. மணமும் ஒளியும் அது அறியும் என்று இன்றைய ஆய்வு அதனோடு சேர்த்துச் சொல்கிறது. முன்னோர் பார்த்து எழுதினர். நாமும் பார்த்துச் சேர்க்க வேண்டும். பாராமல் மனப்பாடம் செய்வது அவர்களுக்குச் செய்யும் பெருமையன்று.

"தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்பாரும் உளர். தோட்டத் தொழிலாளரைவிடக் குறிப்பறிந்து செயற்படுவோர் யார்? செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் கண்டே, உயரத்திலுள்ள குலை பழுத்ததை அறிகின்றனர். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்கு வடியும் என்பதைப் பால்மரம் வெட்டியோர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். மழை பெய்த இரவில்தான் பெரிய நத்தை வெளிவரும் என்பதும், பகலில் ஈரச்சருகின்கீழ்ப் பதுங்கும் என்பதும் பாத்தி வைத்திருக்கும் அன்னையர் அறிந்ததே. உப்பைக் கொட்டி மண்ணைக் கெடுப்பதைவிட, அந்நேரம் பார்த்துக் கையுறையிட்டுப் பொறுக்குவது பயன் தரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கண்கள் நம் பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்து. பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைக்கும் அச்சொத்தில் பங்கு உண்டு. ஒரு கண்ணாடிச் சாடியும் ஒரு நத்தையும் போதும், அச்சொத்தை அவன் கையில் ஒப்படைப்பதற்கு.

தூய்மை பற்றி ஓர் எச்சரிக்கை கூறாமல் விடலாகாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடலில் தங்கக்கூடும். அவை மனிதனின் வயிற்றுக்குள் புகுந்தால் மூளையைத் தாக்கும். ஆகவே நத்தையைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். தொட்டி நீரை வாயால் உறிஞ்சலாகாது. நத்தை ஊர்ந்த கீரையை நன்கு அலசிச் சமைக்காமல் உண்ணலாகாது.

நம் வேண்டுகோள்

மாணவச் செல்வங்களே, உங்கள் தொட்டியிலுள்ள நத்தைக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். எப்போது ஏறியது, எதை உண்டது, எந்த நாளில் கதவடைத்தது என்று நாளும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் சென்றபின் அதனைப் படித்துப் பாருங்கள். உங்கள் ஆசிரியர்க்கும் தெரியாத செய்தி ஒன்றேனும் அதில் இருக்கும்.

பெற்றோர்களே, பிள்ளை தொட்டியின் முன் சும்மா உட்கார்ந்திருப்பதாக எண்ணி அதட்டாதீர்கள். "என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லப் பழகும் பிள்ளை, நாளை எந்த வினாவுக்கும் பார்த்து, சிந்தித்து விடை சொல்லும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் நமக்கு நாமே கூறிக்கொள்வது ஒன்றுண்டு. அன்று நாங்கள் நத்தை என்று அழைத்த மாணவன், இன்றும் மெதுவாகவே எழுதுகிறான். ஆனால் அவன் எழுதியவற்றில் பிழை குறைவு. வகுப்பறைத் தொட்டியின் பொறுப்பு இப்போது அவனிடத்தில் இருக்கிறது. விடுமுறைக்கு முன்னர் தொட்டியைக் காலிசெய்ய வேண்டி வந்தபோது, எஞ்சிய நத்தைகளுள் ஒன்றுகூடக் கால்வாய்க்குப் போகாதவாறு எண்ணிப் பார்த்து ஒப்படைத்தவன் அவனே. அவனை நாங்கள் இப்பொழுது பெயர் சொல்லி அழைக்கிறோம்.